என் புருஷன் வெட்டிய வடிகால்

எனக்குக் கோபம் வந்தால் வீட்டில் பாத்திரம் உருளும் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் சொன்னது பொய்யில்லை, உருளத்தான் செய்தது. ஆனால் எங்கள் தெருவில் வடிகால் வெட்டினார்களே, அந்த வருஷம் எனக்கு வந்த கோபத்துக்கு வீட்டிலிருந்த பாத்திரங்கள் போதவில்லை. இத்தனை வயதாகியும் அது ஆறவில்லை.

என் புருஷன் ஓவர்சியர். தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் வேலைகளில் பல வருஷம் இருந்தவர். மாமனார் படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டு, நிலத்தைப் பார்க்க ஊருக்கு வந்து சேர்ந்தார். நாடு சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷம் ஆகியிருக்கும் அப்போது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஓவர்சியர் வேறு, இன்ஜினியர் வேறு என்பதெல்லாம் தெரியாது. காக்கிக் கால்சட்டையைப் பார்த்துவிட்டு "இஞ்சினியரு" என்றே கூப்பிட்டார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மனிதர் எதற்குத்தான் வேண்டாம் என்று சொன்னார், இதற்கு மட்டும் சொல்ல!

ஊர் என்றால் ஒரே தெருதான். மேற்கே அம்மன் கோயிலில் ஆரம்பித்துக் கிழக்கே சரிந்துகொண்டே போகும். நான் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். மேலக்கோடியில் என் மாமியார் வீடு. கீழக்கோடியில் கடைசி வீடு என்னைப் பெற்ற ஆத்தாவுடையது. அதைத் தாண்டினால் ஆவுடையார்கோவில் போகிற பாதை, இடுப்பு உயரத்துக்கு மண் போட்டு மேடாக்கியிருந்தார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடை. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க உருண்டு வந்து, மேடு மறித்துக்கொள்ள, ஆத்தா வாசலில் தேங்கி நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் அளவு நிற்கும். மண் சுவர் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அப்பா போனபிறகு ஆத்தா ஒண்டியாளாக, ஒவ்வொரு தை மாதமும், கரைந்துபோன அடிச்சுவருக்கு மண் குழைத்து அப்புவாள். "நம்ம வீட்டுக்கு வந்துரு" என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். "மாப்பிள்ளை வீட்டுச் சோத்த உக்காந்து திங்கிறதுக்கா நான் பொழச்சுக் கெடக்கேன்? இந்தச் செவுரு நிக்கிறவரைக்கும் நான் இங்கதான்" என்பாள். அந்தச் சுவர்தான் அவளுக்கு மானம், மரியாதை எல்லாம்.

அதனால்தான் பஞ்சாயத்தில் வடிகால் வெட்டப் போகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரசிடெண்ட் பத்துப் பேரோடு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். "வெளியூருக்காரனக் கூட்டியாந்து நம்ம தெருவ அளக்க விட்டா அசிங்கமில்லையா? நம்ம புள்ளை இஞ்சினியரு வீட்டுல இருக்கையில? நீங்கதான் முன்னால நின்னு செஞ்சு குடுக்கணும்" என்றார். இவர் எழுந்து நின்று தட்டை வாங்கினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பெருமை தாங்கவில்லை. இந்தக் கார்த்திகைக்கு ஆத்தா வீட்டுச் சுவர் நனையாது என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

மாசி மாதம் வேலையை ஆரம்பித்தார். பழைய சிநேகிதர் ஒருவரிடம் இரவல் வாங்கிய, மட்டம் பார்க்கிற லெவல் கருவியை மூன்று கால் ஸ்டாண்டில் பொருத்தித் தெரு நடுவில் வைத்தார். ஊரே கூடிவிட்டது. அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதை எவனோ போய்ப் பெண்டுகளிடம் சொல்லி வைக்க, அன்றைக்கு ஒருத்தியாவது தண்ணீர்க் குடத்தோடு தெருவில் இறங்கவேண்டுமே! மானம் போகுது என்று எல்லாரும் கொல்லை வழியாகப் போனார்கள். மூன்று நாள் அளந்துவிட்டு, கோயிலிலிருந்து ஆத்தா வாசல் வரைக்கும் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு. கடைசியில் பாதை மேட்டை வெட்டி, அடியில் குழாய் வைத்து, தண்ணீரை ஓடையில் விடுவதாகத் திட்டம். காலையில் வாசல் தெளிக்க வந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கோடு நாலு நாள்கூட நேராக இருக்கவில்லை.

முதலில் வந்தவர் இவருடைய பெரியப்பா. கோடு அவர் வைக்கோற்போர் வழியாகப் போகிறதாம். "போரப் பிரிச்சா மறுபடி போட ஆளு ஏதுடா? ஒரு ரெண்டு முழம் இங்கிட்டுத் தள்ளிப் போ" என்றார். இவர் போய்க் காலால் கோட்டை அழித்துவிட்டு இரண்டு முழம் தள்ளிப் போட்டார். சரி, பெரியவர், போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். மறுநாள் தாய்மாமன் வந்தார். அவர் வீட்டு வாசற்படியில் வடிகால் இடிக்கிறதாம். படி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் படியைக் குறைப்பாரா என்ன? "எம்மடியில உக்கார வச்சுல்ல ஒனக்குக் காது குத்துனேன்! அந்த மாமன் வீட்டுப் படிய இடிப்பியாடா நீ?" என்று கேட்டார். காது குத்தியதற்கு ஒரு வளைவு! அப்புறம் சித்தப்பாவின் குதிர் வைத்த கொட்டகை. அப்புறம் பங்காளி வீட்டு முருங்கை. அது ஒரு மரமா? காற்றடித்தால் ஒடிகிற மரம். அதற்கும் ஒரு வளைவு.

"ஆளாளுக்கு ஒங்களுக்கு ஒரு முறை வச்சிருக்காங்க. மாமன், சித்தப்பன், பங்காளி. தண்ணிக்கு யாருங்க மாமன்? அது இதெல்லாம் பாத்துக்கிட்டா ஓடும்?" என்று கேட்டேன்.

"சின்ன வளைவுதான். போயிரும்" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஒரு ஈயச்சட்டி நசுங்கியது.

கடைசியாக வந்தவள் இவருடைய அக்கா, அதே தெருவில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனார். அவள் மாட்டுக்கொட்டகையின் ஓரம் கோட்டில் மாட்டிக்கொண்டது. தெருவில் வைத்துக் கேட்டால் நான் விடமாட்டேன் என்று தெரிந்து, நேரே அடுப்படிக்கு வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "பெறந்த வீட்டுல எனக்கு இம்புட்டு ஒரிமைகூட இல்லையா தம்பி? எம்மாட்ட நான் எங்க கொண்டுபோயிக் கட்டுவேன்?" இவர் உருகிப்போனார். கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போயிற்று வடிகால்.

எனக்குப் பொறுக்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "இனி எவனாவது எவளாவது என் வீட்டுக்குன்னு கேட்டுக்கிட்டு வரட்டும், அவுங்க மூஞ்சியிலேயே நான் முழிக்க மாட்டேன். வெக்கங்கெட்டதுங்க!" நாத்தனார் முந்தானையை உதறிக்கொண்டு போனாள். இவர் வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். சோறு போடுவேன், தட்டை நங்கென்று வைப்பேன். வாயைத் திறக்கமாட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் ஆத்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

எங்களில் மாமியார் மருமகன் முன்னால் வரமாட்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஆத்தாவும் இவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர் சாப்பிட வந்தால் ஆத்தா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்லுவாள். நான் இல்லாவிட்டால் கொல்லையில் கட்டிக் கிடக்கிற ஆட்டிடம் சத்தமாகச் சொல்லுவாள். "ஏ ஆடே, மொளகுதண்ணி அடுப்புல இருக்கு, வேணுங்கிறவுங்க ஊத்திக்கிறட்டும்." இவர் சிரிக்காமல் எழுந்துபோய் ஊற்றிக்கொள்வார்.

நான் போனபோது ஆத்தா கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழாய் வருகிற இடத்தைக் காட்டினாள். "இங்கனயா மேட்ட வெட்டுறாங்க?"

"ஆமா."

"வேணாம்டி. இந்த மேடு போடுறதுக்கு முந்தி, நீ கைப்புள்ளை. கம்மாய் நெறஞ்சு கலுங்கு பாஞ்சுச்சு. ஓடை நெரம்பி எதுத்துக்கிட்டு வீட்டுக்குள்ள வந்துருச்சு. ஒன்னைய உறியில தூக்கி வச்சுட்டு நான் கழுத்தளவு தண்ணியில நின்னேன். மேடு போட்டப்பறந்தான் ஓடைத்தண்ணி உள்ள வாரதில்ல. இப்ப இதுல ஓட்டையப் போட்டா அது மறுபடி வரும். அந்தா தெக்க ஒத்தப்பனை நிக்குது பாரு. அங்கன ஓடை நல்ல பள்ளம், எம்புட்டு வந்தாலும் இழுத்துக்கிட்டுப் போயிரும். இங்கிட்டுருந்து வளைச்சு, பனை வரைக்கும் மேட்டோரமாக் கொண்டுபோயி அங்கன விடச் சொல்லு."

"வளைக்கணுமா?" என்றேன்.

"வளைக்கத்தான் வேணும். மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. நீ சொன்னாத்தான் உண்டு. நானா போயிச் சொல்ல முடியும்?"

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் உடம்பு கூசியது. நேற்றுத்தான் தெருவே கேட்கக் கத்தியிருக்கிறேன், இனி எவளாவது என் வீட்டுக்குன்னு வரட்டும் என்று. இன்றைக்கு நானே போய் என் ஆத்தா வீட்டுக்காக ஒரு வளைவு கேட்பதா? நாத்தனார் காதில் விழுந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கமாட்டாளா? அதுவும் பேசாமல் இருக்கிறவரிடம் நான் போய் முதலில் பேசுவதா?

இன்னொன்றும் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து வேலைகளைப் பற்றிப் பேசும்போது இவர் என்னிடம் அடிக்கடி ஒன்று சொல்லுவார். "எந்த ஊரா இருந்தாலும் கடைசி வீட்டுல இருக்கிறவுங்களக் கேக்காம நான் கொழா வைக்கிறதில்ல. வெள்ளம் எதுவரைக்கும் வந்துச்சுன்னு அவுங்களுக்குத்தான் தெரியும்." இந்த ஊரில் கடைசி வீடு யார் வீடு? அவராக வந்து, "ஒங்க ஆத்தா என்ன சொல்லுது?" என்று என்னிடம் கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்பார், கேட்பார் என்று பார்த்தேன். அவர் எல்லாரையும் கேட்டார். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டார். "அந்த ஓடையில ஏதுங்க தண்ணி? கணுக்காலு நனையாது" என்று சொன்னார்கள் மேட்டுவீட்டு மகராசன்கள். கடைசி வீட்டை மட்டும் கேட்கவில்லை. மாமியாரிடம் போய் எப்படிக் கேட்பது என்று மரியாதை பார்த்தார். மரியாதையாம் மரியாதை!

ஆத்தா இரண்டாம் தடவை கேட்டபோது, "சொல்றேன், சொல்றேன்" என்றேன். மூன்றாம் தடவை கேட்டபோது மேட்டை வெட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

"சொன்னியாடி?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பாக்குறேன்னாரு."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! அன்றைக்குச் சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவர் களைத்து வந்து உட்கார்ந்தார். நாத்தனார் கொடுத்துவிட்ட மோரைக் குடித்தார். மோரைப் பார்த்ததும் எனக்கு வாய் பூட்டிக்கொண்டது. இரண்டு நாளில் குழாயை வைத்துச் சிமெண்ட்டும் பூசிவிட்டார்கள். ஆத்தா தன் வாசலுக்கு நேரே வந்த குழாயைப் பார்த்துவிட்டு, "சரி. படிச்சவுங்க. தெரியாமயா செய்வாங்க" என்றாள். சித்திரையில் அம்மன் திருவிழாவுக்குள் நானும் அவரும் பேசத் தொடங்கிவிட்டோம். பிரசிடெண்ட் இவருக்குத் துண்டு போர்த்தினார். வைத்த குழாயை இனித் தோண்டச் சொல்லவா முடியும் என்று நான் அதை மனசுக்குள் போட்டுப் புதைத்துவிட்டேன்.

ஐப்பசி மழைக்கு வடிகால் ஓடத்தான் செய்தது. வளைவுக்கு வளைவு குப்பை அடைத்துக்கொள்ளும், குத்திவிட்டால் போகும். ஆத்தா வாசலில் தண்ணீர் நிற்கவில்லை. "நம்ம இஞ்சினியரு, நம்ம இஞ்சினியரு" என்று ஊரே கொண்டாடியது. நானும்கூட, ஆத்தா வயசானவள், பழசை நினைத்துப் பயந்துவிட்டாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் "கலுங்கு பாயுது!" என்று தெருவில் சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் கலுங்கு பாய்வதென்றால் சந்தோஷச் செய்தி. கம்மாய் நிறைந்து மிச்சத் தண்ணீர் ஓடையில் வழிகிறது, விளைச்சலுக்குப் பயமில்லை. ஜனங்கள் குடையும் கோணிச்சாக்குமாகப் பார்க்க ஓடுவார்கள். நான் மட்டும் கிழக்கே ஓடினேன். கால் தரையில் பாவவில்லை.

ஓடை கரையோடு கரையாகப் போய்க்கொண்டிருந்தது. குழாய் வழியாகத் தெருத் தண்ணீர் வெளியே போகவில்லை, ஓடைத்தண்ணீர்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது, செம்மண் நிறத்தில், குமுறிக்கொண்டு. ஆத்தா வீட்டு வாசலில் இடுப்பளவு.

இவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். வாசலுக்கு எதிரே தண்ணீரில் நின்றிருந்தார். எப்படி நின்றிருந்தார் தெரியுமா? வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! பாதையைப் பார்த்து, "அத்தே, வெளியில வாங்க. செவுரு நிக்காது. நான் பாக்கல, வாங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளே ஆத்தா ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிலையைப் பிடித்தபடி, "அவுங்கள அங்கிட்டுப் போகச் சொல்லு. மேலுல நனஞ்ச துணியோட நான் எப்படி வாரது" என்று ஆட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சுவர் அடியில் கரைந்து, பருத்து, வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

"ரெண்டு பேருக்கும் கிறுக்காப் புடிச்சிருக்கு?" என்று அலறிக்கொண்டு உள்ளே இறங்கினேன். அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து மேட்டில் ஏற்றினேன். ஏற்றிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசற்பக்கச் சுவர் அப்படியே உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கூரை அதன்மேல் சரிந்தது. அப்பா கட்டிய வீடு, ஆத்தா தை மாதந்தோறும் அப்பி அப்பி நிறுத்திய வீடு, அரை நிமிஷத்தில் சேறாகிப் போனது.

ஆத்தா அழவில்லை. ஆட்டை இறக்கிவிட்டாள். திரும்பி இவரை நேராகப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. தலையில் முந்தானைகூட இல்லை.

"மாப்ளே. ஊருல அம்புட்டுப் பேருக்கும் வளைச்சீங்க. வைக்கப்போருக்கு வளைச்சீங்க, படிக்கு வளைச்சீங்க, மாட்டுக்கு வளைச்சீங்க. பனை வரைக்கும் வளைக்கணும்னு எம்மககிட்டச் சொல்லி விட்டேனே. எனக்கு மட்டும் ஒங்களுக்கு மனசு வரலையா?"

இவர் என்னைப் பார்த்தார். மழை அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது, அதை நான் பார்த்தேன். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"சொல்லுச்சு அத்தே. நாந்தான் மறந்துட்டேன்."

ஆத்தா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க? யாரு ஒங்களச் சொல்லச் சொன்னா?"

"வேற என்னத்தச் சொல்றது? பெத்த மகளே இப்படிப் பண்ணுனான்னு தெரிஞ்சா அது தாங்குமா?" என்றார். நான் கத்தினேன். அவர் ஈரச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். திட்டியிருந்தால், இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

ஆத்தா அதற்கப்புறம் ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தாள். வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எந்தச் சோற்றைத் தின்னமாட்டேன் என்று சொன்னாளோ அந்தச் சோற்றைத்தான் தின்றாள். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், "எம்மாப்பிள்ளை நல்லவருதான், என் வீட்ட மட்டும் மறந்துட்டாரு" என்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் காதில் விழவேண்டும் என்றுதான் சொல்லுவாள். அவர் கை ஒரு கணம் தட்டில் நிற்கும். பிறகு பிசைவார். நான் இரண்டு பேருக்கும் நடுவில், கையில் கரண்டியோடு நிற்பேன். வாயைத் திறந்தால் தெருவே அதிரும் என்று பெயரெடுத்தவள். அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட, "இல்ல ஆத்தா, நாந்தான் சொல்லல" என்று எனக்குச் சொல்ல வரவில்லை.